சுவரில் தொங்கிய இரண்டு கிட்டார்கள்

அத்தியாயம் 11

போன வாரம் ரேலீனைக் காருக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டோம். வியாழக்கிழமை பிற்பகல், ஷாஃப்டர் போகிற சாலையில், பாதாம் தோப்பை ஒட்டிய ஒரு வெள்ளை வீட்டுக்கு எதிரே. அந்த வீட்டு வாசலில் அவளுடைய அப்பா டெல்பர்ட் ஹேட்சரின் டிரக் நின்றது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவள் நடீன் வோன். இரண்டு வருஷத்துக்கு முன் கணவனைப் பறிகொடுத்தவள். அவள் சிரித்தாள், அப்பா தொப்பியைக் கழற்றினார், கதவு மூடிக்கொண்டது.

ரேலீன் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. பார்த்த வரைக்கும் போதும் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். தினமும் அறுபது பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி அதட்டி ஓட்டுகிற முப்பத்து மூன்று வயதுப் பெண், இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்காமல் திரிந்தாள். நவம்பரிலிருந்து வியாழன் தவறாமல் அப்பா 'ஒரு வேலையா' வெளியே போகிறார். அந்தச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுப்பது அம்மா.

இன்று சனிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்துகொண்டு முப்பத்தைந்து வருஷம் நிறைகிற நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆயில்டேல் படைவீரர் மண்டபத்தில் நடனம். வருஷா வருஷம் இந்த நாளில் அப்பா, தன் கல்யாணத்துக்காகத் தானே கட்டிய ஒரு வால்ட்ஸ் நடன மெட்டை வாசிப்பார். வார்த்தை கிடையாது, கிட்டார் மட்டும்தான். அம்மா யாரோடும் ஆடாமல் மேடைக்கு முன்னால் போய் நின்று கேட்பாள். முடிந்ததும் அப்பா மைக்கில், "ஓபல், தேறுமா?" என்று கேட்பார். "போன வருஷத்துக்குப் பரவாயில்ல" என்பாள் அம்மா. மண்டபமே கைதட்டும்.

எண்ணெய்க் கிணற்றடியில் குழாய் விழுந்து அப்பாவின் கால் முறிந்த வருஷம்கூட இது நிற்கவில்லை. கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு வாசித்தார்.

காலை எட்டு மணிக்கே தம்பி டுவெய்ன் வந்துவிட்டான். டுவெய்னுக்குக் கார் பட்டறையில் பெயின்ட் அடிக்கிற வேலை. அவன் பெயின்ட் துப்பாக்கியைப் பிடித்தால் நசுங்கிப் போன கதவுகூடக் கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிடும் என்று ஊரில் பெயர். கையில் போர்வை சுற்றிய எதையோ குழந்தையைத் தூக்குகிறவன்போல் கொண்டு வந்து சமையலறை மேஜையில் கிடத்தினான். ரேலீன் அம்மாவுக்கு ஒத்தாசையாகப் பீச் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்பில் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கண்ணை மூடுங்க" என்றான் டுவெய்ன்.

அப்பா மூடினார். டுவெய்ன் போர்வையை விலக்கினான். ரேலீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

உள்ளே இருந்தது அப்பாவின் பலகை. ஊரில் அந்த வகைக் கிட்டாருக்கு அதுதான் பெயர். ஃபுல்லர்ட்டனில், நம் மலைக்கு அந்தப் பக்கம் செய்தது. ஒரே கனத்தில் அறுத்த மரம், அதில் நாலு திருகாணி போட்டு முடுக்கிய கழுத்து, அவ்வளவுதான். குரல் சன்னமாக, பளிச்சென்று, கண்ணாடித் தம்ளரில் கரண்டியைத் தட்டியதுபோல் இருக்கும். அப்பாவுடையது வெண்ணெய் நிறம். முப்பத்தாறு வருஷம் அவருடைய வலது முழங்கை உரசி உரசி மேல் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நிறம் போய் மரம் தெரியும். சின்ன வயசில் ரேலீன் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பாள். மற்ற இடமெல்லாம் வழவழப்பு, அந்த இடம் மட்டும் அப்பாவின் கை மாதிரியே சொரசொரப்பு.

இப்போது அந்த இடம் இல்லை. கிட்டார் முழுக்கப் பச்சைநீலம். ஜன்னல் வெளிச்சம் அதில் முகம் பார்த்தது.

புதன்கிழமை 'சும்மா துடைச்சுத் தரேன்' என்று எடுத்துப் போனவன், தேய்த்து, ஓட்டை அடைத்து, ஏழு பூச்சு பூசிக் கொண்டு வந்திருந்தான்.

"நம்ம பழைய டிரக்கோட கலர்ப்பா. அம்மாவுக்குப் பிடிச்ச கலர். நினைவுல இருந்தே கலந்தேன்" என்றான் டுவெய்ன். "கழுத்து நாலு திருகாணிதானே, கழட்டி மாட்டினது ஒரு வேலையே இல்ல. அந்தத் தேஞ்ச இடம்தான் பாடாப் படுத்திருச்சு. இப்பப் பாருங்க, எங்க இருந்துச்சுன்னே தெரியாது."

கிட்டார் வாசிக்கிறவன் எவனிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் டுவெய்னின் கையைப் பிடித்துத் தடுத்திருப்பான். அந்தத் தேய்மானத்தை வரமாக நினைக்கிற ஜாதி அது. பாவம், டுவெய்னுக்கு அப்பா என்றால் உயிர், பெயின்ட் என்றால் தொழில். இரண்டையும் சேர்த்து ஒரு பரிசு கொடுத்துவிட்டான்.

ரேலீன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். கண் கலங்கும் என்றுகூட நினைத்தாள். அப்பா தேய்ந்த இடம் இருந்த மூலையில் விரலை வைக்கப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

"அழகா இருக்குடா. உங்கம்மா அந்த டிரக்ல ஏறினப்ப இருந்த மாதிரியே இருக்கு" என்றார்.

டுவெய்ன் மூக்கை உறிஞ்சினான். ஒரே ஒரு விஷயம், கையை மட்டும் அழுத்தி வைத்துவிட வேண்டாம், முழுக்க இறுக இன்னும் ஒரு வாரம் ஆகும், வைத்தால் ரேகை விழுந்துவிடும் என்றான். அப்போதுதான் அது நடந்தது. அப்பாவின் தோள் இரண்டும் இறங்கின. பெருமூச்சு விடுவதுபோல் ஒரு நிம்மதி அவர் முகத்தில் வந்து போனது. ரேலீன் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்ப இன்னைக்கு வாசிக்க முடியாது, ஓபல்" என்றார் அப்பா. "பெயின்ட் காயலையாமே."

அம்மா திரும்பாமலே சரி என்றாள். பீன்ஸில் உப்புப் பார்த்தாள். டுவெய்னுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. வேறு யாரிடமாவது ஒரு பலகையை இரவல் வாங்கி வரட்டுமா என்று கேட்டான். அடுத்தவன் பல்செட்டை மாட்டிக்கொண்டு விருந்து சாப்பிடச் சொல்கிறாயா என்று அப்பா அவன் தலையைத் தட்டிவிட்டு வெளியே போனார். போகும்போது அவர் விசில்கூட அடித்தார்.

ரேலீனுக்கு அந்த விசிலைத் தாங்க முடியவில்லை. முப்பத்துநாலு வருஷம் விடாமல் வாசித்தவர் இந்த வருஷம் வாசிக்க வேண்டாம் என்றதும் விசில் அடிக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? அவளுக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. அது ஷாஃப்டர் சாலையில் வெள்ளை வீட்டில் இருந்தது. சர்க்கரை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். டப்பா நிறையச் சர்க்கரை இருப்பது அம்மாவுக்குத் தெரியும். அம்மா பீன்ஸ் பாத்திரத்தை மூடினாள்.

நடீன் வோன் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்வியபடியே, வந்து நின்ற ரேலீனை ஏற இறங்கப் பார்த்தாள்.

ரேலீன் வழியெல்லாம் பேசிப் பார்த்து வந்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. "மிஸஸ் வோன், எங்கப்பா இங்க எதுக்கு வர்றாரு?" என்று மட்டும் கேட்டாள்.

நடீன் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். ஒரு நிமிஷம் புரியாமல் நின்றாள். புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். ஈரத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு எதிரே நிற்கிறவளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

"அடக் கடவுளே. நீ அப்படி நினைச்சுட்டியா கண்ணு? வா, உள்ள வா. யாரைப் பாக்க வர்றாருன்னு காட்டறேன்."

முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர், பக்கத்தில் ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்ற ஒரு கிட்டார். முகப்பு முழுக்கப் பொன் நிறம். குண்டான, வளைந்த உடம்பு. நடீனின் இறந்துபோன கணவர் கிளெட்டஸ் வோனின் தங்கம். அதை அடையாளம் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது.

கிளெட்டஸும் அப்பாவும் முப்பது வருஷம் ஒரே மண்டபத்தில் எதிரும் புதிருமாக வாசித்தவர்கள். பலகைக்காரர்கள் கதவோரம், தங்கக்காரர்கள் சமையலறை ஓரம் என்று கேட்கிறவர்கள்கூட இரண்டாகப் பிரிந்துதான் உட்காருவார்கள். கிளெட்டஸ் மேடை ஏறினால் அப்பா கீழேயிருந்து, "வோன் வீட்டுல இன்னைக்கு விருந்துக்குக் கறி வாங்க வேண்டாம், பன்றித்தொடையக் கழுத்துலயே மாட்டிட்டு வந்துட்டான்" என்பார். அப்பா ஏறினால் கிளெட்டஸ், "பாவம் ஓபல், ரொட்டி வெட்டற பலகையக் காணோம்னு தேடிட்டு இருப்பா, இவன் அதுல கம்பி கட்டிட்டு வந்து நிக்கறான்" என்பார். வீட்டிலும் அப்பாவுக்கு அதே பேச்சுதான். மிச்சிகனில் கலமசூ என்ற குளிர் ஊரில் செய்த சாமான், கழுத்தைப் பசை போட்டு ஒட்டின சாமான், தப்பாக வாசித்தாலும் மூடி மறைத்துவிடுகிற சாமான், அதையெல்லாம் ஆம்பளை வாசிப்பானா என்பார்.

"இதையா?" என்றாள் ரேலீன்.

இதைத்தான் என்றாள் நடீன். அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை டெல்பர்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாராம். கிளெட்டஸின் கிட்டாரை ஒரே ஒரு தடவை மடியில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாராம். கேட்டுவிட்டு வெட்கத்தில் காது சிவந்துவிட்டதாம். அவருடைய இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இப்போதெல்லாம் சரியாக மடங்குவதில்லை. பல வருஷம் எண்ணெய்க் கிணற்றில் உழைத்து விறைத்துப்போன விரல்கள். பலகையில் கழுத்து தங்கத்தைவிட முக்கால் அங்குலம் கூடுதல் நீளம், தந்தி விறைப்பு. அழுத்த முடியாமல் ஒரு சுரம் நழுவினால் அது நடு மண்டபத்தில் அம்மணமாக நிற்கும். தங்கத்தில் தந்தி கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். நழுவினாலும் குரல் அதைப் போர்த்திவிடும்.

"எந்தக் காரணத்தச் சொல்லி முப்பது வருஷம் திட்டினாரோ, அந்தக் காரணத்துக்காகவே இப்ப இது வேண்டியிருக்கு. அத அவரால யாருகிட்டயும் சொல்ல முடியல, கண்ணு."

"அவரு வாசிக்கறப்ப நீங்க?"

நடீன் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அவர் வாசிக்கும்போது நான் இந்த அறைக்கே வருவதில்லை, சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றாள். கிளெட்டஸ் போன பிறகு இந்த வீட்டில் அந்தக் குரல் கேட்கவில்லை. முதல் வியாழக்கிழமை அதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டதில் அடுப்பில் சோளரொட்டி கருகிவிட்டது. தீய்ந்த ரொட்டியை இரண்டு பேரும் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார்கள்.

ரேலீனுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இப்படி ஒரு பெண்ணைப் போய்த் தான் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று குன்றிப்போனாள்.

நடீன் கிட்டாரின் தோளைத் துணியால் ஒரு துடை துடைத்தாள். "நான் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்தவ இவ. கடையில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல சுவத்துல தொங்குச்சாம், பலகையும் இதுவும். மூணு நாள் யோசிச்சு எங்காளு தானே எடுத்தாராம். என் வாழ்க்கையில நான் சுயமாப் பண்ணின முடிவு இது ஒண்ணுதான்னு சொல்லிச் சிரிப்பாரு. அந்தச் சிரிப்புக்காகவே நான் இத தினமும் துடைக்கறேன்."

ரேலீன் பெயின்ட் கதையைச் சொன்னாள். அப்பாவின் விசிலையும் சொன்னாள். தான் பார்த்த நிம்மதிக்கு இப்போதுதான் சரியான அர்த்தம் தெரிந்தது. தப்பாக வாசித்து மானம் போவதிலிருந்து தப்பித்துவிட்ட நிம்மதி அது. நடீன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சாயங்காலம் இதை நானே மண்டபத்துக்குக் கொண்டு வருகிறேன், எடுப்பதும் எடுக்காததும் அவர் இஷ்டம் என்றாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா வாசலில் டிரக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். ரேலீன் குழாயை மூடினாள். வியாழக்கிழமை பின்னாலேயே வந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அப்பாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெத்த அப்பனை வேவு பார்க்கிற அளவுக்குப் பெரியவளாகிவிட்டாயா என்றார். பிறகு அவள் என்ன நினைத்துப் பின்னால் வந்தாள் என்பது உறைத்ததும் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கையக் காட்டுங்க" என்றாள் ரேலீன்.

அப்பா இடது கையை நீட்டினார். மூட முயன்றார். மூன்று விரல் மூடியது, இரண்டு விரல் பாதியில் நின்றுவிட்டது. ரேலீன் அந்த இரண்டு விரலையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நடீன் சாயங்காலம் கிட்டாரக் கொண்டு வர்றாங்க."

அப்பா தலையை ஆட்டி மறுத்தார். குரலைத் தணித்துப் பேசினார்.

"ஊரு சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போகுது, அது பரவாயில்ல. நான் பண்ணின கிண்டலுக்கு வட்டியோட வாங்கிக்கறேன். ஆனா அந்தப் பாட்டு உங்கம்மாவுக்குன்னு கட்டினது. பலகையில கட்டினது. அத நான் கிளெட்டஸோட கிட்டார்ல வாசிச்சா, உங்கம்மா காதுக்குப் போறது கிளெட்டஸோட குரலாத்தான் இருக்கும். அவளுக்கு அத நான் எப்படிக் கொடுப்பேன்?"

ரேலீன் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னாள்.

"அம்மா வழக்கம்போல மேடைக்கு முன்னாடி வந்து நிப்பா. நீங்க வாசிக்கலேன்னாலும் நிப்பா. அத நினைச்சுப் பாத்தீங்களா?"

அப்பா எழுந்து குழாயைத் திறந்துவிட்டார். ஏற்கெனவே கழுவிய கதவையே மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.

மண்டபம் ஐந்து மணிக்கெல்லாம் நிறைந்துவிட்டது. டுவெய்ன் பச்சைநீலப் பலகையை மேடைக்குப் பின்னால் ஆணியில் மாட்டி, அதன் மேல் ஒரு விளக்கையும் திருப்பி வைத்திருந்தான். பெண்கள் பாராட்டினார்கள். கிட்டார்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். அப்பா போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெயின்ட் காயவில்லை, பெயின்ட் காயவில்லை என்று தேவைக்கு மேல் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு நடீன் வந்தாள். கையில் பழுப்பு நிறப் பெட்டி. கதவோரத்துப் பலகைக்காரர்களின் நடுவே நடந்து போய், பெட்டியை மேடை விளிம்பில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சமையலறைப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெட்டியைத் தெரியாதவர்கள் யாரும் அங்கே இல்லை. பேச்சு ஒவ்வொரு மேஜையாக அடங்கியது.

அம்மா எழுந்தாள். நீலப் பூப்போட்ட கவுனைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு வருஷமும் நிற்கிற அதே இடத்தில் போய் நின்றாள். மேடையில் யாரும் இல்லை. அவள் பாட்டுக்கு நின்றாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவளுடைய முதுகைப் பார்த்தார். ரேலீன் மனசுக்குள் எண்ணினாள். இருபது வரை எண்ணியிருப்பாள். அப்பா எழுந்து மேடை ஏறிப் பெட்டியைத் திறந்தார்.

"பன்றித்தொடை எத்தன பவுண்டு டெல்பர்ட்?" என்று சமையலறை ஓரத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழும்பியது. அப்பா அது முடிகிற வரை காத்திருந்தார்.

"முப்பது வருஷம் இதப் பழிச்சேன்" என்றார் மைக்கில். "கிளெட்டஸ் இருந்தப்ப ஒரு தடவகூடத் தொட்டுப் பாக்கல. தொட்டிருந்தாப் பழிச்சிருக்க மாட்டேன். அத அவன்கிட்ட சொல்ல முடியாமப் போச்சு. உங்ககிட்ட சொல்லிக்கறேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். வாசிக்க ஆரம்பித்தார்.

அதே வால்ட்ஸ்தான். ஆனால் ரேலீன் பிறந்ததிலிருந்து கேட்ட அந்தப் பளிச்சென்ற குரல் இல்லை. இது தாழ்ந்து, கனத்து, சூடாக வந்தது. அப்பா வழக்கத்தைவிட நிதானமாக வாசித்தார். இரண்டாவது சுற்றில் மோதிர விரல் நழுவியது. ரேலீனுக்கு அது தெரிந்தது. சுரம் லேசாகக் கலங்கி, அடுத்த சுரத்துக்குள் ஒண்டிக்கொண்டது. மண்டபத்தில் ஒருவரும் நெளியவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

அம்மா ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"நவம்பர்ல இருந்து உங்கப்பா விரல் நுனி மறுபடியும் காய்ச்சுப் போயிருந்துச்சு" என்றாள் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டுல கிட்டார்ப் பெட்டி மேல தூசி. எங்கயோ போய் வாசிக்கறாருன்னு தெரியும்."

"எங்கன்னு கேக்கலையாம்மா நீ?"

"சட்டையத் தேச்சுக் கொடுத்தேன்."

அம்மாவின் விரல்கள் கழுத்தில் கிடந்த சங்கிலியைப் பற்றிக்கொண்டன.

"எதுல வாசிக்கறாருன்னுதான் தெரியாம இருந்துச்சு. இந்தக் கிட்டார எனக்கு உங்கப்பாவத் தெரியறதுக்கு முன்னாடியே தெரியும், ரேலீன்."

ரேலீன் திரும்பிப் பார்த்தாள்.

"செஸ்டர் அவென்யூ கடையில ரெண்டும் சுவத்துல தொங்குச்சு. கிளெட்டஸால முடிவு பண்ண முடியல. மூணு நாள் என்னக் கூட்டிட்டுப் போனான். அப்ப அவன் போட்ட நிச்சயதார்த்த மோதிரம் என் விரல்ல இருந்துச்சு. மூணாவது நாள் எனக்குக் கால் வலி வந்து, தங்கத்த எடு, அந்தக் குரல்தான் எனக்குப் பிடிச்சிருக்குன்னேன். எடுத்துட்டான். அடுத்த மாசம், அந்தச் சுவத்துல மிச்சம் தொங்கின பலகைய வாங்கினவன இந்த மண்டபத்துல பாத்தேன். மோதிரத்தத் திருப்பிக் கொடுத்துட்டேன்."

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"அவரு கேட்டதில்ல. கிட்டார்ல எனக்குப் பிடிச்சது ஒண்ணு, ஆள்ல பிடிச்சது வேற. அத எப்படிச் சொல்றது? அவரு இதத் திட்டறப்பல்லாம் பாத்திரம் தேச்சுட்டு நிப்பேன்."

ரேலீனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சின்ன வயசிலிருந்து பார்த்த ஒன்று. கிளெட்டஸ் வோன் மேடை ஏறினாலே அம்மா எழுந்து, பழப் பலகாரம் வெட்ட வேண்டும் என்று சமையலறைக்குப் போய்விடுவாள். எதிராளியின் பாட்டைக் கேட்கப் பிடிக்காமல் போகிறாள் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். சமையலறைக் கதவு தங்கக்காரர்கள் பக்கம்தான் இருக்கிறது. மண்டபத்திலேயே அந்தக் கிட்டார் நன்றாகக் கேட்கிற இடம் அதுதான்.

"எனக்குப் பிடிச்ச ரெண்டும் இன்னைக்குத்தான் ஒண்ணா வந்திருக்கு" என்றாள் அம்மா. கண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

அப்போது நடீன் அவர்களிடம் வந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியா ஓபல், எப்படிப் பேசுது பாரு. எவ்வளவு நல்லாத் தேர்ந்தெடுத்திருக்காரு எங்காளு."

ரேலீனுக்குக் காலையில் அந்தக் கிட்டாரைத் துடைத்த துணியும், கிளெட்டஸ் சுயமாகச் செய்த ஒரே முடிவு என்ற பேச்சும் நினைவுக்கு வந்தன. அம்மா நடீனின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"ஆமா நடீன்" என்றாள்.

பாட்டு முடிந்தது. இரண்டு ஓரத்திலிருந்தும் கைதட்டல் வந்தது. அப்பா வியர்த்திருந்தார். பத்து வயது குறைந்ததுபோல் இருந்தார். அவர் மைக்கைப் பக்கத்தில் இழுத்ததும் மண்டபம் அமைதியானது, அம்மாவின் பதில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"ஓபல், தேறுமா?"

அம்மா கிட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் சிரிப்பு மெல்லத் தயங்கியது. அவர் பயந்தது இதற்குத்தான்.

"முப்பத்தஞ்சு வருஷத்துல இதான் ரொம்ப நல்லா இருந்துச்சு, டெல்" என்றாள் அம்மா. மைக் இல்லாமலே அது கடைசி மேஜை வரை கேட்டது. "கீழ இறங்கி வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கிட்டாரையும் எடுத்துட்டு வா."

மண்டபம் ஆரவாரித்தது. அப்பா தங்கத்தைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு, படியை ஒவ்வொன்றாகப் பார்த்து இறங்க ஆரம்பித்தார். ரேலீன் மட்டும் கைதட்டவில்லை. அம்மா சொல்லப்போவது எதுவென்று அவளுக்குத் தெரியும். நடீனின் கை இன்னும் அம்மாவின் கைக்குள்தான் இருந்தது.